துயிலெடை

பாடாண் திணையின் துறைகளுள் 'துயிலெடை நிலை' என்று ஒன்று உண்டு. உறங்கும் அரசனைச் சூதர்கள் புகழ்பாடி எழுப்புவது அது. அதன் நீட்சியாகவே திருப்பள்ளியெழுச்சிப் பாடல்களைக் காண்பவர்கள் உண்டு. யார் எழுப்புவது, எவ்வாறு எழுப்புவது என்பதற்கெல்லாம் இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. இக்கட்டுரை அரசனைப் பற்றியதன்று. பல்லாண்டுகள் கொட்டகையில் நின்றுபோன பழைய டீசல் டிராக்டரை எழுப்புவது பற்றியது.

இலக்கியப் பக்கத்தில் டிராக்டருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பள்ளு நூல்களைப் புரட்டியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். முக்கூடற்பள்ளு மாட்டின் வகைகளையும் நெல்லின் வகைகளையும் ஏரின் உறுப்புகளையும் பெயர் பெயராக அடுக்கிச் செல்கிறது. உழவுக் கருவியின் ஒவ்வோர் உறுப்பும் பாட்டில் ஏறும் தகுதி உடையது என்று அந்தப் புலவர்கள் நம்பினர். ஏரை அகற்றிவிட்டு வந்த டிராக்டருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. தனித்தமிழ் ஆர்வலர்கள் அதற்கு 'உழுவை' என்று பெயரிட்டுப் பார்த்தார்கள். சங்கப் பாடல்களில் உழுவை என்பது புலியைக் குறிக்கும் சொல் என்பதை எண்ணினால், உறுமும் ஓர் எந்திரத்துக்கு அது பொருந்தாத பெயரன்று. எனினும் ஊரில் அது டிராக்டராகவே நிலைத்துவிட்டது. ஈழத்தில் 'உழவு இயந்திரம்' என்கிறார்கள்.

* * *

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசலில் வெறுங்காற்றை அதன் பருமனில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி நெருக்கும்போது, அந்த நெருக்குதலிலேயே காற்று பல நூறு பாகை வெப்பம் கொள்கிறது. அத்தருணத்தில் எரிபொருளை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கைப்பட அறிந்தவர்களுக்கு இத்தத்துவம் விளங்கும்.

தத்துவம் எளிது, தொடக்கம் அரிது. ஓடும் எஞ்சின் தன் வெப்பத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினிலோ, நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்தைச் சுற்றியுள்ள இரும்பு உறிஞ்சிவிடும். ருடால்ஃப் டீசல் 1893இல் தம் உரிமப் பட்டயத்தைப் பெற்றார். அவ்வாண்டே ஆக்ஸ்பர்க் நகரில் அமைந்த முதல் எஞ்சின் தன்னாற்றலால் தொடர்ந்து சுழலவில்லை. 1894 பிப்ரவரியில்தான் அது ஒரு நிமிட அளவுக்குத் தானே ஓடியது. உலகம் ஏற்கும்படியான சோதனை நிகழ்ந்தது 1897இல். உருவாக்கியவரே தம் எந்திரத்தை எழுப்ப நான்காண்டுகள் போராடினார். 1913 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்து நோக்கிச் சென்றுகொண்டிருந்த கப்பலிலிருந்து அவர் மறைந்துபோனார். தம் எஞ்சின் உழவனின் வயலில் இறங்கியதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அது வயலில் இறங்குவதற்கு முன் அதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு இறங்கிவிட்டது. ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் 1890இல் காப்புரிமை பெற்ற 'சூட்டுக்குமிழ்' எஞ்சின்தான் அது. எஞ்சினின் தலையில் உள்ள இரும்புக் குமிழைப் புறத்திலிருந்து விளக்கால் சுடவைத்து, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பற்றவைப்பது அதன் முறை. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் லான்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரிட்ஸ் ஹூபர் வடிவமைத்து 1921இல் வெளிவந்த 'புல்டாக்' டிராக்டர் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரே சிலிண்டர்; 12 குதிரைத்திறன். உழவன் விடியலில் எழுந்து, ஊதுவிளக்கைப் பற்றவைத்து, குமிழ் செந்நிறமாகும்வரை காத்திருப்பான். பின்னர் வந்த புல்டாக் வகைகளில், ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு கழற்றி, பக்கவாட்டில் உள்ள பெருஞ்சக்கரத்தில் செருகி ஆட்டிச் சுழற்றுவார்கள். கை தவறினால் எஞ்சின் எதிர்த்திசையிலும் ஓடத் தொடங்கும். முதல் புல்டாக்குக்குப் பின்னோக்கிச் செல்லும் கியரே கிடையாது. பின்னே போகவேண்டுமானால் எஞ்சினையே எதிர்த்திசையில் ஓடவைக்க வேண்டும்.

உண்மையான டீசல் எஞ்சினைத் தாங்கிய டிராக்டர்கள் 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றின; பென்ஸ்-செண்ட்லிங் அவற்றுள் முதலாவதாகச் சொல்லப்படுவது. 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எரிபொருள் பீய்ச்சும் பம்புகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகே சிறிய டீசல் எஞ்சின்கள் பரவலாயின. எழுப்பும் சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு நாடும் அதற்கு ஒவ்வொரு வழி கண்டது. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனம் 1931இல் கொண்டுவந்த டீசல் டிராக்டரில், பெரிய எஞ்சினை எழுப்புவதற்கென்றே ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பக்கத்தில் பொருத்தியது. முதலில் சிறியவனைக் கையால் எழுப்பவேண்டும். அவன் பெரியவனை எழுப்புவான். இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் நிறுவனம் 1945 முதல் செய்த 'ஃபீல்டு மார்ஷல்' டிராக்டரிலோ, வெடியுப்பில் தோய்த்த தாளைக் கனியவைத்து எஞ்சினின் தலையில் செருகிவிட்டு, துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றைப் பொருத்திச் சுத்தியலால் தட்டுவார்கள். உழவுக்குப் புறப்படும் ஒலி வேட்டுச் சத்தமாக இருந்தது.

* * *

இந்தியாவில் பெருமளவு டிராக்டர் உழவு தொடங்கியதே, நின்றுபோன டிராக்டர்களை எழுப்புவதில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, இங்கே சாலைகளும் விமானத் தளங்களும் அமைக்க அமெரிக்கப் படை கொண்டுவந்திருந்த சங்கிலிப்பட்டை டிராக்டர்கள் கிடங்குகளில் கிடந்தன. வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. பிரிவினையால் கோதுமை விளையும் நிலங்களின் கணிசமான பகுதியும் அகன்றுவிட்டது. உணவுக்கு வழிதேடிய அரசு, போர்க்கழிவான அந்த எந்திரங்களைச் செப்பனிட்டு 'மத்திய டிராக்டர் அமைப்பு' என்ற ஒன்றைத் தோற்றுவித்தது. நடு இந்தியாவின் கரிசல் வெளிகளில் 'கான்ஸ்' எனும் புல் வேரோடி இலட்சக்கணக்கான ஏக்கரைத் தரிசாக்கியிருந்தது. அது நம் நாணலின் இனம். மாட்டு ஏரின் கொழு எட்டாத ஆழத்தில் அதன் வேர் இருந்தது. அதை அடியோடு பெயர்ப்பதே இந்த அமைப்பின் பணி. உலக வங்கி இந்தியாவுக்கு வழங்கிய தொடக்கக் கடன்களுள் ஒன்று, 1949இல் அளித்த ஒரு கோடி டாலர், இத்தகைய வேளாண் எந்திரங்களுக்கானது.

ரன்வே சமன்செய்ய வந்த எந்திரம், படை நாடு திரும்பியபின் மழையில் நனைந்து துருவேறி, பிறகு எவரெவரோ பழுதுபார்ப்பவர்களின் கையால் உயிர்பெற்று, கோதுமைக்காக நிலம் திருத்தியது. அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இல்லை. கடன்தொகை இருக்கிறது, திருத்தப்பட்ட பரப்பு இருக்கிறது, முதல் நாள் அந்த எஞ்சினின் துருவேறிய திருகை உடையாமல் கழற்றியவன் இல்லை.

சென்னைக்கு வருவோம். 1956இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபெர்குசன் 35 டிராக்டரின் டீசல் வகையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. குளிரில் எழ மறுப்பதில் அது பெயர்பெற்றது. 1959 இறுதியில் அதன் இடத்தில் பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. காற்று உள்ளே நுழையும் குழாயில் ஒரு கம்பிச்சுருளைச் சுடவைத்து, அதில் சிறிது டீசலைச் சொட்டவிட்டு எரித்து, வெதுவெதுப்பான காற்றை உள்ளே அனுப்பும் எளிய ஏற்பாடு அதில் இருந்தது. ஊதுவிளக்கும் தோட்டாவும் செய்த வேலை ஒரு சாவியின் திருப்பத்துக்குள் அடங்கிற்று.

அந்த மூன்று சிலிண்டர் மரபுதான் நம் ஊருக்கு வந்தது. சிம்ப்சன் நிறுவனம் 1950களிலேயே சென்னையில் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. எஸ். அனந்தராமகிருஷ்ணன் கட்டியெழுப்பிய அதே குழுமத்திலிருந்து 1960இல் டாஃபே நிறுவனம் மாஸே ஃபெர்குசனின் ஒத்துழைப்போடு பிறந்தது. செம்பியத்தில் டிராக்டர் உருவாகத் தொடங்கியது. 1961-62இல் இந்தியா முழுமையிலும் உற்பத்தியான டிராக்டர்கள் 880 மட்டுமே. 2022-23இல் நாட்டில் விற்பனையானவை ஒன்பது இலட்சத்துக்கும் மேல். அறுபதாண்டுகளில் நிகழ்ந்த இந்தப் பெருக்கத்தின் மறுபக்கம், கொட்டகைகளில் நின்றுபோனவற்றின் பெருக்கம்.

* * *

டெல்டாவில் டிராக்டருக்கு இடம் ஏற்படுத்தியது நேரம். 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களுள் தஞ்சை ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறையில் உருவான குறுகியகால நெல்லான ஏ.டி.டி. 27 பரவியபோது குறுவையின் பரப்பு விரிந்தது. குறுவையை அறுத்தவுடன், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள், அதே வயலைச் சேறாக்கித் தாளடி நட்டாகவேண்டும். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் ஓர் ஏக்கரை உழுது முடிப்பது அரிது. இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர் அந்த இடைவெளியில் நுழைந்தது. 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையான பின்னர் கடனும் அதன்பின்னே வந்தது.

இதே காலத்தில் இதே மண்ணில் கூலி நெல்லில் அரைப்படி உயர்வுக்காக உழைப்பாளிகள் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. அந்தத் தீயையும் டிராக்டரையும் ஒரே முடிச்சில் கட்டுவது பிழையாகும். ஆனால் ஏரோட்டும் ஆளிடம் பேரம் பேசவேண்டாத ஓர் எந்திரம் அந்நாளில் நிலவுடைமையாளர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் தெற்காசிய டிராக்டர் ஆய்வுகளைத் தொகுத்து 1978இல் எழுதிய நூல், டிராக்டர் விளைச்சலைப் பெரிதாக உயர்த்தவில்லை, பெரும்பாலும் மாட்டையும் ஆளையும் பதிலீடு செய்ததே அதன் பணி என்ற முடிவுக்கு வந்தது. எனவே கொட்டகையில் நிற்கும் டிராக்டரை வெறும் ஏக்கத்தோடு பார்ப்பதற்கில்லை. அது ஒருவருக்குச் சொத்து. வேறொருவருக்கு இழந்த வேலை.

பிறகு டிராக்டரும் நின்றது. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. குறுவை சுருங்கிற்று. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். நிலம் குத்தகைக்குப் போயிற்று. 2020இல் நீண்ட இடைவெளிக்குப் பின் குறித்த நாளில் தண்ணீர் வந்தது. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு தேவைப்பட்டது.

அந்த ஜூன் மாதத்தில், கும்பகோணத்துக்குத் தெற்கே, என் சித்தப்பா விட்டுச்சென்ற மாஸே 1035 எட்டாண்டு உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டதை உடனிருந்து பார்த்தேன். காயலான் கடைக்காரர் இரும்பின் எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். ஓடினால் வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகக் குத்தகைக்காரர் சொன்னார். அந்த வாடகை சித்திக்கு அவ்வாண்டு மருந்துச் செலவு. ஆகவே அது ஓடுமா ஓடாதா என்பது விளையாட்டான கேள்வியாக இல்லை.

வந்த மெக்கானிக்குக்கு அறுபதைக் கடந்த வயது. பேட்டரியோடு போய் நின்ற என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அத ஓரமா வைங்க சார். மொதல்ல கையால சுத்தணும். சுத்தலன்னா செல்ஃபத் தொடவே கூடாது."

அவர் செய்த முறையை இயன்றவரை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எலிக்கூடு. காற்றுவடிப்பானிலும் புகைக்குழாயிலும் எலி கொண்டுவந்து அடைத்த வைக்கோலை வெளியே எடுத்தார். இரண்டாவது, மூன்று நாசில்களையும் கழற்றி, அந்தத் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெயை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நிற்கும் எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் லைனரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை வலிந்து சுழற்றினால் வளையம் முறியும். எண்ணெய் தானே ஊர்ந்து இறங்க இரண்டு இரவு வேண்டும் என்றார். மூன்றாம் நாள் காலை, எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் நீண்ட ஸ்பேனரைப் பூட்டி, நெம்பாமல், முன்னும் பின்னுமாக ஆட்டினார். சிறு முனகலோடு அது அசைந்தது.

அடுத்தது டீசல் தொட்டி. எட்டாண்டுப் பழைய டீசல் தேனின் நிறத்தில் இருக்கவில்லை. அடியில் தண்ணீரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கருஞ்சாந்து போன்ற ஒரு படலமும் இருந்தன. காலியிடம் உள்ள தொட்டியில் காற்றின் ஈரம் பனித்துத் தண்ணீராகத் தங்கும். அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகும். தொட்டியைக் கழுவி, வடிப்பான்களை மாற்றி, எஞ்சின் ஆயிலையும் புதிதாக ஊற்றினார். பீய்ச்சும் பம்பைத்தான் அவர் அதிகம் அஞ்சினார். அதற்குத் தனி எண்ணெய் கிடையாது. ஓடும் டீசலே அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பு. டீசல் கெட்டுப் பிசினானால், மயிரிழை இடைவெளியில் சுழலும் அந்த உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு 'ஏர் எடுப்பது'. குழாய்களில் காற்று நின்றால், பம்ப் காற்றை நெருக்குமே தவிர டீசலைத் தள்ளாது. கைநெம்பால் டீசலை ஏற்றி, வடிப்பானின் திருகு, பம்பின் திருகு, கடைசியில் நாசில்களின் முனை என்று வரிசை மாறாமல் தளர்த்தி, குமிழிகள் நின்று டீசல் தெளிவாக வழிந்ததும் ஒவ்வொன்றாக முடுக்கினார். இந்த வரிசை எந்தப் பாடநூலிலும் அவர் படித்ததன்று. பதினான்கு வயதில் ஒரு பட்டறையில் அடிவாங்கிக் கற்றது.

சாவியைத் திருப்புமுன் ஒரு மரப்பலகையை என் கையில் கொடுத்து, காற்று நுழையும் வாயருகே நிற்கச் சொன்னார்.

"வேகம் கூடிக்கிட்டே போனா, நான் சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வாயை மூடிடுங்க."

பம்பின் உள்ளே டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் உறுப்பு திறந்த நிலையில் ஒட்டியிருந்தால், எழுந்த எஞ்சின் அடங்காமல் விரைந்து தன்னையே சிதறடித்துக்கொள்ளும். பொறியால் இயங்காத எந்திரத்தைச் சாவியால் அணைக்க இயலாது. மூச்சை அடைத்தால்தான் நிற்கும். எழுப்புமுன் நிறுத்தும் வழியைக் கையில் வைத்துக்கொள்வது அவருடைய இலக்கணம்.

மூன்றாம் முயற்சியில் வெண்புகை, பின் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டியது, பிறகு இரண்டு, பிறகு மூன்றும். பலகைக்கு வேலை வரவில்லை. கிளட்ச் தட்டு ஒட்டியிருந்ததால் அன்று நகர்த்த இயலவில்லை. அது மறுநாள் வேலையாயிற்று. அவ்வாண்டு தாளடி வரை அந்த வண்டி உழுதது. காயலான் கடைக்காரர் மீண்டும் வரவில்லை.

* * *

தொழில்நுட்ப வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் கண்டுபிடிப்பின் வரலாறு. ஆக்ஸ்பர்க்கும் மான்ஹைமும் செம்பியமும் அதில் இடம்பெறும். ஓர் எந்திரம் உலகில் வாழும் காலத்தில் பிறப்பு ஒரு நாள்தான். மிச்சமெல்லாம் பழுதும் பராமரிப்பும். போர்க்கழிவு டிராக்டரை எழுப்பியவர்கள் முதல் எங்கள் மெக்கானிக் வரை, எந்திரத்தின் நெடுவாழ்வைத் தாங்கியவர்கள் எழுதப்படாதவர்களாகவே இருக்கிறார்கள். ஏரின் உறுப்புகளை எண்ணிப் பாடிய மொழியில், 'ஏர் எடுப்பது' என்ற தொடர் இன்னும் அகராதி ஏறவில்லை. காற்றைக் குறிக்கும் ஆங்கில 'ஏர்' தமிழ் 'ஏர்' நின்ற அதே வயல்வரப்பில் புழங்குவதைக் கண்டு புன்னகைக்கலாம். ஆனால் அந்தத் தொடருக்குள் இருக்கும் அறிவு புன்னகைக்குரியதன்று.

அந்த அறிவு எழுத்தில் இல்லை, கையில் இருக்கிறது. கை முதுமையடைகிறது. புதிய டிராக்டர்களில் கணினி வழிப் பீய்ச்சல் வந்துவிட்டது. பழுதை ஒரு திரை சொல்கிறது. அது நல்லதே. ஆனால் இப்போது கொட்டகைகளில் நிற்பவை திரையில்லாத தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றை எழுப்பத் தெரிந்தவர்கள் ஓய்ந்துவிட்டால், எடைக்குப் போடுவது ஒன்றே வழியாகும். அப்போது இழப்பது இரும்பு மட்டுமன்று. கடன் வாங்கி, கட்டி முடித்து, இன்னும் பத்தாண்டு உழைக்கக்கூடிய ஒரு சிறு குடியானவரின் முதலையும் இழக்கிறோம்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் புழங்கும் சொற்களையும், ஒரு பழைய எஞ்சினை எழுப்பும் முறைகளையும், சொல்பவரின் வாய்மொழியிலேயே குறித்துவையுங்கள். பள்ளு பாடியவர்கள் தம் காலத்து உழவுக்கு அதைச் செய்தார்கள். துயிலெடை பாடிய சூதர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தச் சூதர்கள் இன்னும் நம் தெருமுனையில், கிரீஸ் படிந்த கையோடு, தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.